இயல் 7: பழைய மடிக்கணினியில் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் கணினியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறை நுண்செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். மலேசியாவில் ஜித்ரா, சங்லூன் பக்கத்துத் தாமான்களிலும் தோட்டப்புற வீடுகளிலும் இருக்கும் கணினிகள் பலவும் அந்தத் தகுதியை எட்டாதவை. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், பிள்ளைகளின் இல்லிருப்புக் கற்றலுக்காக அவசர அவசரமாக வாங்கிய இரண்டாங்கை மடிக்கணினிகள் அவை. அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், எலைட்புக், லேட்டிடியூட் வகைகள். உடல் இன்னும் திடமாகத்தான் இருக்கிறது. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. அவற்றைக் குப்பையில் போட எந்தக் காரணமும் இல்லை.

அந்தக் கணினியை லினக்ஸுக்கு மாற்றி, பிள்ளையின் பள்ளி வேலையும் உங்கள் தமிழ் வேலையும் தடையின்றி நடக்கச் செய்வதற்கான வழியை இந்த இயலில் காணலாம். லினக்ஸ் இலவசம், மூலநிரலும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இயங்குதளக் கருவும், அதற்கு முன்பே 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் சேர்ந்து வளர்ந்தது அது. வரலாறு இவ்வளவு போதும். வேலைக்கு வருவோம்.

வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் மென்பொருள்களை மாற்றுங்கள். அடுத்துக் கோப்புகளைச் சீர்செய்யுங்கள். இயங்குதளத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். இந்த இயலில் நான் சொல்ல வருவதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

ஆர்வம் உள்ளவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு சனிக்கிழமை இரவு லினக்ஸை நிறுவிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை ஆறாம் ஆண்டுத் தேர்வுத்தாளைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அச்சுப்பொறி அசையவில்லை. "லினக்ஸ் நமக்குச் சரிப்படாது" என்று அன்றைக்கே விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். லினக்ஸின் மேல் குறை இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால், எது எதனால் கெட்டது என்று யாருக்கும் பிடிபடாது.

பிரெஞ்சு நாட்டு ஜாந்தார்மெரி காவல்படை இதைப் பொறுமையாகச் செய்தது. 2005-இல் விண்டோஸிலேயே ஓப்பன் ஆஃபிஸுக்கு மாறினார்கள். 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கும் தண்டர்பர்ட் மின்னஞ்சலுக்கும் மாறினார்கள். ஊழியர்களின் கை அவற்றுக்குப் பழகிய பிறகு, 2008-இலிருந்து அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸை வைத்தார்கள். மேலே தெரிவது அதே உலாவி, அதே எழுத்துச் செயலி. அதனால் மாற்றம் பெரிதாக உறைக்கவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதில் அரசியலும் கலந்திருந்தது. ஆனால் அந்த வேலையைப் பத்தாண்டு இழுக்க வைத்தவற்றில், துறைக்குத் துறை வேறுபட்ட பழைய ஆவண வார்ப்புருக்களுக்கும் மேக்ரோக்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு நகராட்சியையே அலைக்கழித்த சிக்கல், ஒரு கோயில் செயலாளரின் மடிக்கணினியிலும் சிறிய அளவில் இருக்கத்தான் செய்யும்.

வீட்டில் யாராவது "இதெல்லாம் யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்டால் சொல்லுங்கள்: மலேசிய அரசே 2004-இல் மாம்பு என்ற தன் நிர்வாகப் பிரிவின் வழியாகப் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டு, அதற்கென ஒரு திறன் மையத்தையும் நடத்தியது. தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாற்றியது.

மாற வேண்டாதவர்கள்

சிலருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடைக் கணக்கை எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற மென்பொருளில் வைத்திருப்பவர்கள் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. வைன் போன்ற இடைச்செருகல் வழிகளில் ஓட்டலாம் என்று யாராவது சொல்லக்கூடும். வரிக் கணக்கு உள்ள கணினியில் அப்படிப்பட்ட சோதனை வேண்டாம். கோரல் டிரா, பேஜ்மேக்கர் கோப்புகளை அச்சகத்துக்கு அனுப்பிப் பிழைப்பு நடத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன். இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் நல்ல மென்பொருள்கள்தாம். ஆனால் அச்சகக்காரர் கேட்பது அவருடைய கோப்பு வகையை. யூ.எஸ்.பி. சான்றிதழ்க் கருவியைச் செருகி அரசுக் குத்தகை விண்ணப்பம் போடுபவர்களும் ஒரு விண்டோஸ் கணினியைத் தனியாக வைத்திருக்கட்டும். வீட்டில் வேலோரண்ட் விளையாடும் பையன் இருந்தால் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அந்த விளையாட்டு லினக்ஸில் ஓடாது.

மற்றபடி டெலிமா, கூகுள் வகுப்பறை, மைடெக்ஸ், ஊழியர் சேமநிதி, மைஇன்வாய்ஸ் தளம், மேபேங்க், பி.எஸ்.என். எல்லாம் உலாவியில் நடப்பவை. வங்கிப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தருவதும் இப்போது கைப்பேசியில்தான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றுமே லினக்ஸுக்கு உண்டு. ஸூம் உண்டு, டெலிகிராம் உண்டு. புலனத்தை உலாவியிலேயே திறந்துகொள்ளலாம். டீம்ஸும் அப்படியே.

விண்டோஸில் இருந்தபடியே ஒரு மாதம்

லிப்ரே ஆஃபிஸை இன்றே விண்டோஸில் நிறுவுங்கள். ஓப்பன் ஆஃபிஸிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்தது இது. வோர்டை நீக்க வேண்டாம். ஆனால் புதிதாக எழுதும் எதையும் இதில் எழுதுங்கள். உலாவியில் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் ஒரு கணக்கோடு ஒத்திசைத்துவிடுங்கள். அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சல் இருந்தால் தண்டர்பர்டுக்கு மாற்றுங்கள். படம் வெட்டவும் ஒட்டவும் ஃபோட்டோஷாப் வைத்திருந்தால் கிம்ப் போதுமா என்று பாருங்கள். பலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. போதாது என்று தெரிந்தாலும் நட்டமில்லை, இன்னும் நீங்கள் விண்டோஸில்தான் இருக்கிறீர்கள்.

வோர்டில் செய்த கோப்பு லிப்ரே ஆஃபிஸில் திறக்கும். ஆனால் பக்கம் சற்றே நகரும். ஆங்கில எழுத்துருக்களுக்கு அதே அகலம் கொண்ட மாற்றுகள் உள்ளன: கலிப்ரிக்கு கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப், ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ். தமிழில் லதாவுக்கும் விஜயாவுக்கும் நிர்மலாவுக்கும் அப்படி அச்சாகப் பொருந்தும் மாற்று கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ், மீரா இனிமை ஆகியவை நல்ல எழுத்துருக்கள்தாம், அகலம் மட்டும் வேறு. நான்கு பக்கத்தில் அடங்கிய கேள்வித்தாள் ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வரி எட்டிப் பார்க்கும். அதனால் இப்போதே நோட்டோவுக்கு மாறுங்கள். அதைப் பதிவிறக்கி விண்டோஸிலும் நிறுவலாம். பள்ளியில் மற்ற ஆசிரியர்களோடு கோப்பைப் பகிர்பவர்கள் அச்சுக்கு எப்போதும் பி.டி.எஃப். அனுப்புங்கள். திருத்துவதற்கு மட்டும் டாக்எக்ஸ் அனுப்புங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகள்

பெரும்பாலான கணினி வழிகாட்டிகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தமிழில் வேலை செய்பவருக்கு இதுதான் முதன்மையான வேலை.

மலேசியத் தமிழர்கள் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கியது யுனிகோடு பரவலாவதற்கு முன்பே. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் எண்பதுகளின் நடுவிலிருந்தே நம் கையில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கோப்புகளில் பலவும் திஸ்கி, டாப், டாம், பாமினி என்று வெவ்வேறு குறியாக்கங்களில் இருப்பவை. அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பது தமிழ் எழுத்தே இல்லை, ரோமன் எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்கள். உரிய எழுத்துரு இருந்தால் அவை தமிழ் உருவமாகத் திரையில் தெரியும். எழுத்துரு போய்விட்டால் தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் மிஞ்சும். இருபது ஆண்டுக் கோயில் கூட்டக் குறிப்புகளும் சங்கத்து உறுப்பினர் பட்டியலும் அந்த நிலையில் கிடந்தால், லினக்ஸுக்கு மாறிய அன்று அவை படிக்க முடியாதவையாகிவிடும்.

கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. வோர்டில் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்து, எழுத்துருவை நிர்மலா யூ.ஐ. என்று மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் அது யுனிகோடு, கவலை இல்லை. குழம்பிப் போனால் பழைய குறியாக்கம். மாற்றத்தை நீக்கிவிட்டு, முதலில் இருந்த எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரிலிருந்தே பல வேளைகளில் குறியாக்கம் தெரிந்துவிடும். பெயரின் தொடக்கத்தில் டி.எஸ்.சி. என்று இருந்தால் திஸ்கி, டாப் என்று இருந்தால் டாப், டாம் என்று இருந்தால் டாம்.

மாற்றுவதற்குச் சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. அது விண்டோஸில் ஓடுவது. விண்டோஸ் கையில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். உரையை வெட்டி ஒட்டி, குறியாக்கத்தைத் தேர்ந்து, மாற்றி, புதிய கோப்பில் ஒட்டி, எழுத்துருவை நோட்டோவுக்கு மாற்றுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். திஸ்கியும் டாப்பும் இருமொழிக் குறியாக்கங்கள், ஆங்கிலம் அவற்றில் ஆங்கிலமாகவே இருக்கும். பாமினியும் டாமும் அப்படி இல்லை. ஒரே பத்தியில் மண்டபத்தின் ஆங்கில முகவரியோ நன்கொடையாளரின் மின்னஞ்சலோ இருந்தால், கருவி அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குதறிவிடும். அத்தகைய கோப்புகளில் தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக எடுத்து மாற்றுங்கள். திருவிழா அழைப்பிதழ் மாதிரி இனித் திருத்தத் தேவைப்படாத கோப்புகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் உருவம் அப்படியே நிலைக்கும். எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்று இல்லை. எதைத் திரும்பத் திருத்துவீர்களோ அதை மாற்றுங்கள்.

காப்புப் பிரதி

வெளிவட்டு ஒன்றில் ஆவணங்கள், முகப்புத்திரை, பதிவிறக்கம், படங்கள் ஆகிய கோப்புறைகளை நகல் எடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பலர் சறுக்கும் இடம் ஒன்டிரைவ். கோப்பின் பக்கத்தில் சிறு மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் வட்டில் இல்லை. அதன் பெயர் மட்டுமே இருக்கிறது. கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி, இந்தக் கணினியிலேயே எப்போதும் வைத்திரு என்ற தேர்வைச் சொடுக்கி, எல்லாம் பச்சைக் குறியாக மாறும்வரை காத்திருங்கள். தோட்டப்புறத்தில் இணையம் மெதுவாக இருந்தால் இதற்கு ஓர் இரவே ஆகலாம். ஒன்டிரைவுக்கு லினக்ஸில் மைக்ரோசாஃப்டின் சொந்த ஒத்திசைவு மென்பொருள் கிடையாது, உலாவி வழிதான் பார்க்க வேண்டும்.

நகல் எடுத்த வட்டை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்த பிறகே அதைக் காப்பு என்று நம்புங்கள்.

எந்த லினக்ஸ்

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வழங்கல்கள் உள்ளன. தேடத் தொடங்கினால் ஒரு வாரம் போய்விடும். விண்டோஸிலிருந்து வருபவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடப்பக்க மூலையில் பட்டியல், வலப்பக்கம் கடிகாரம் என்று கை தேடும் இடத்தில் எல்லாம் இருக்கும். 2024-இல் வந்த மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. நினைவகம் 8 ஜி.பி. இருந்தால் சினமன் பதிப்பு. 4 ஜி.பி. என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, அது இலேசானது. 2 ஜி.பி. கணினியிலும் மின்ட் எழும், ஆனால் இன்றைய இணையதளங்கள் அந்த நினைவகத்தில் திணறும். அதற்காக மெனக்கெட வேண்டாம்.

கணினியில் இன்னும் சுழலும் வட்டு இருந்தால், லினக்ஸ் போடுவதற்கு முன் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள். அலோர் ஸ்டார் கணினிக் கடைகளில் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். வேகத்தைப் பொறுத்தவரை இயங்குதள மாற்றத்தைவிட இதுதான் பெரிய வித்தியாசம் காட்டும். இன்னொரு நன்மையும் இருக்கிறது: கழற்றிய பழைய வட்டு உங்கள் விண்டோஸோடு அப்படியே பத்திரமாக அலமாரியில் இருக்கும். ஏதாவது விட்டுப்போனால் எடுத்துக்கொள்ளலாம்.

விரலியில் ஏற்றிச் சோதிப்பது

நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. வீட்டில் கைப்பேசித் தரவுதான் இணையம் என்றால், ஜித்ரா டவுனில் வேகமான இணைப்பு உள்ள இடத்தில் பதிவிறக்குங்கள். சிந்தோக் உத்தாரா பல்கலைக்கழகத்திலோ ஜித்ரா போலிமாஸிலோ படிக்கும் பிள்ளைகள் சொந்தத்தில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், பலருக்கு இது பழக்கமான வேலை. இறங்கிய கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று மின்ட் தளம் சொல்லும் முறையில் சரிபாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம்தான் பல "நிறுவ முடியவில்லை" புகார்களுக்குக் காரணம்.

8 ஜி.பி. யூ.எஸ்.பி. விரலி ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் கொண்டு கோப்பை அதில் எழுதுங்கள். விரலியில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். பிறகு கணினியை அணைத்துத் திறக்கும்போது, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்.பி. என்றால் எஃப்9, ஏசுஸ் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் விரலியைத் தேர்ந்தால் மின்ட் எழும். இந்த நிலையில் உங்கள் வட்டில் எதுவும் மாறவில்லை.

அவசரப்பட்டு நிறுவலைச் சொடுக்காதீர்கள். அரை நாள் இப்படியே ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, ஒளிர்வு கூடுகிறதா குறைகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, கேமரா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில பிராட்காம் வைஃபை அட்டைகளுக்கு இயக்கி தனியாக இறக்க வேண்டும், அதற்கே இணையம் வேண்டும். கைப்பேசியை யூ.எஸ்.பி. வடத்தில் செருகி இணையப் பகிர்வை இயக்கினால் மின்ட் உடனே பிடித்துக்கொள்ளும். அதை வைத்து இயக்கி மேலாளரில் வைஃபை இயக்கியை நிறுவலாம்.

அச்சுப்பொறியையும் இப்போதே செருகிப் பாருங்கள். எச்.பி. பெரும்பாலும் தானாகவே எழும். பிரதர், எப்சன் எல் வரிசைக்கு அந்தந்த நிறுவனங்களே லினக்ஸ் இயக்கி தருகின்றன. புதிய வைஃபை அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு இயக்கியே வேண்டாம். தொல்லை தருவது கேனன் எல்.பி.பி.2900 போன்ற பழைய லேசர் வகை. அது உங்களிடம் இருந்தால், விண்டோஸை முழுதாக நீக்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

நிறுவும் நாள்

மின்னூட்டியைச் செருகிவிட்டு உட்காருங்கள். மடிக்கணினியின் மின்கலம் செத்துப்போயிருந்தால், மாலையில் இடி மின்னலோடு மழை கட்டும் நேரத்தில் தொடங்காதீர்கள். வட்டைப் பிரிக்கும்போது மின்சாரம் போனால் விண்டோஸும் லினக்ஸும் இரண்டுமே போகலாம். காலையில் செய்யுங்கள்.

வட்டு முழுவதையும் மின்ட்டுக்குக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸுக்குப் பக்கத்தில் வைக்கலாம். பக்கத்தில் வைப்பதாக இருந்தால் மூன்று முன்வேலைகள் உண்டு. விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்கினால் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவைத்து, குறியாக்கத்தை நிறுத்துங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கும், அதன் வட்டில் லினக்ஸால் எழுத முடியாது. மூன்றாவது, நிறுவியில் உங்கள் வட்டே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பக முறை ரெய்டு என்றோ ஆர்.எஸ்.டி. என்றோ இருக்கும். அதை ஏ.எச்.சி.ஐ.-க்கு மாற்றியாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம், தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வைத்திருப்பவர்களின் சில கணினிகளில் விண்டோஸ் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கணினியில் பதிவதும் நம் நாடு அதற்கு 8 மணி முன்னால் இருப்பதும்தான் காரணம். பழுது ஒன்றும் இல்லை. விண்டோஸில் நேரத்தை இணையத்தோடு ஒத்திசைத்தால் அப்போதைக்குச் சரியாகிவிடும்.

நிறுவியில் மொழி ஆங்கிலம் அல்லது மலாய், விசைப்பலகை ஆங்கிலம், இடம் கோலாலம்பூர் என்று கொடுங்கள். பல்லூடகக் குறிநீக்கிகள் என்ற பெட்டியைத் தேர்ந்துவிடுங்கள், பிறகு காணொளிக்குத் திண்டாட வேண்டாம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து அதையே திரும்பக் கேட்கும். பயப்படாமல் பதிவு செய் என்பதைத் தேர்ந்து அதே சொல்லைக் கொடுங்கள். தமிழ் இடைமுகமும் இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பு முழுமை பெறவில்லை. இதில் தமிழர்கள் கைகொடுக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

தமிழ் எழுதுவது

முரசு அஞ்சல் விண்டோஸுக்கும் மேக்குக்கும் உரிய மென்பொருள். லினக்ஸில் அதன் இடத்தை ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பும் நிரப்புகின்றன. மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடி நிறுவுங்கள். பட்டியலில் உள்ளீட்டு முறை என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். வெளியேறி நுழையாமல் "வேலை செய்யவில்லை" என்று கைவிடுபவர்கள் அதிகம். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட் என்று பட்டியல் வரும். விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

ரோமன் எழுத்தில் ஒலித்து எழுதிப் பழகியவர்களுக்கு ஒலியியல் முறை அஞ்சலுக்கு நெருக்கமாக இருக்கும். ந, ஞ, ங போன்ற சில எழுத்துகளுக்கு மட்டும் விசையைச் சோதித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாக வந்த தளக்கோலம் அது. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். க விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து க்க ஆகிவிடும். ங-வும் க-வும் தட்டினால் ங்க. "அக்கா", "தங்கை" எழுதுவதற்குப் புள்ளி விசையையே தேட வேண்டாம். இந்தத் தளக்கோலம் விண்டோஸிலும் மேக்கிலும் கைப்பேசியிலும் கிடைக்கிறது. ஒரு முறை பழகிய விரல் எங்கே போனாலும் எழுதும்.

லிப்ரே ஆஃபிஸில் தமிழுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. அதைச் செய்யாதவர்கள் எழுத்தளவை 14 ஆக்கியும் தமிழ் மட்டும் 12-லேயே நிற்கிறது என்று தவிப்பார்கள். லிப்ரே ஆஃபிஸ் ஒவ்வொரு பத்தி நடைக்கும் தனித்தனி எழுத்துரு வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சிக்கல் உரை அமைப்பு தேவைப்படும் தமிழ், அரபு, தாய் போன்றவற்றுக்கு இன்னொன்று. கருவிகள் பட்டியலில் தேர்வுகளுக்குள் போய், மொழிகள் பகுதியில் அந்தச் சிக்கல் உரை அமைப்பைத் தேர்ந்து இயல்பு மொழி தமிழ் என்று வையுங்கள். அடுத்து, இயல்புப் பத்தி நடையைத் திருத்தி, எழுத்துரு பக்கத்தில் சிக்கல் உரை அமைப்புக்கான பெட்டியில் நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 12 என்று கொடுத்து, அதை வார்ப்புருவாகச் சேமித்துவிடுங்கள். இதன்பின் திறக்கும் ஒவ்வொரு வெற்றுத்தாளும் தமிழுக்கு அணியமாக இருக்கும்.

முதல் மாதம்

முதல் நாளே டைம்ஷிஃப்டை இயக்குங்கள். புதுப்பிப்பால் ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்கு அது திருப்பிவிடும். அது காப்பது இயங்குதளத்தைத்தான். உங்கள் கோப்புகளைச் சேர்ப்பதில்லை, அதற்கு வெளிவட்டே துணை. விண்டோஸில் செய்ததுபோல் எங்கிருந்தோ மென்பொருளை இறக்கி இருமுறை சொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், மென்பொருள் மேலாளரிலிருந்தே எடுங்கள். ஏதாவது கேள்வி என்றால், பிழைச்செய்தியை அப்படியே எழுத்து பிசகாமல் எடுத்துத் தேடுங்கள். தமிழில் படிக்க விரும்பினால் 2012 முதல் வரும் கணியம் மின்னிதழில் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

மாற்றிய கணினி கோயிலுக்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ உரியதாக இருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் மாறுவார், கணினி கை மாறும், கடவுச்சொல் பழைய செயலாளரோடு போய்விடும். அதனால் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: பயனர் பெயர், கடவுச்சொல், மின்ட்டின் பதிப்பு எண், தமிழ் மாற்றும் விசை, அச்சுப்பொறியின் பெயர், கோப்புகள் இருக்கும் கோப்புறை, காப்பு வட்டு யாரிடம் இருக்கிறது, கடைசியாக நகல் எடுத்த தேதி. தாளை உறையிலிட்டு ஒட்டித் தலைவரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றும் கொடுத்து, கொடுத்ததைக் கூட்டக் குறிப்பில் பதிந்துவிடுங்கள்.